தலை வடக்குக்கு, கால் தெற்குக்கு

நிகோசியாவின் மதில் வட்டமானது.
வெனிஸ்காரன் ஒருவன் கவராயத்தை ஊன்றிச் சுழற்றினான்.
வட்டத்துக்கு வெளியே விழுந்தன
தேவாலயங்கள், மாளிகைகள், ஒரு மடாலயம்,
அதற்குள் படுத்திருந்த பழைய அரசர்கள்.
எல்லாவற்றையும் இடித்தார்கள்.
இடித்த கல்லைச் சுமந்து வந்து மதிலில் வைத்தார்கள்.
நகரின் நடுவே ஓடிய ஆற்றையும்
வெளியே போ என்று திருப்பிவிட்டார்கள்.

காக்க வந்த மதில்
முதலில் செய்த வேலை இது.

கீழ்ப்பாதிக்குக் கல். மேற்பாதி வெறும் மண்.
மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது
கப்பல்கள் வந்துவிட்டன.
ஆறேழு வாரம் தாங்கியது.
அப்புறம் எந்த வாசல் வழியாக யார் ஓடினார்கள் என்று
அவரவர் பள்ளிக்கூடம் அவரவருக்குச் சொல்லித்தந்தது.

கலிஸ்தேனி விரிசல் பதிவேடு எழுதுகிறாள்.
நகராட்சி வேலை, ஓய்வு பெற இன்னும் ஒன்பது ஆண்டு.
கொத்தளங்கள் பதினொன்று:
ஐந்து தெற்கே, கிரேக்கர் பக்கம்.
ஐந்து வடக்கே, துருக்கியர் பக்கம்.
ஒன்று யாருக்கும் இல்லாத நடுப்பட்டையில்
முள்வேலிக்குள், நீலத்தொப்பிக்காரர்கள் காவலில்.
அதற்கான பக்கத்தில் வருடாவருடம் ஒரே வரி எழுதுவாள்:
பார்வையிட அனுமதி கிடைக்கவில்லை.

அகழியில் முதலைகள் இல்லை.
கார்கள் நிற்கின்றன, மணிக்கு இரண்டு யூரோ.

மன்றக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்,
நம்மைக் கசக்கிக் கட்டிய மதிலுக்கு
நம் வரிப்பணத்தில் சுண்ணாம்பு எதற்கு?
இன்னொருவர், அதுதான் நம் அடையாளம் என்றார்.
அவர் சட்டைப்பொத்தானிலும் மதில்தான், நகரச் சின்னமாக.
மூன்றாமவர் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்றார்.
கலிஸ்தேனி பேசவில்லை.
கட்டியவன் போய்விட்டான், பிடித்தவனும் போய்விட்டான்,
ஆண்டவனும்தான்.
மழைத்தண்ணீர் மட்டும் இன்னும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது.

ரோக்காஸ் கொத்தளம் விசித்திரமானது.
மதிலின் தலை வடக்குக்கு, கால் தெற்குக்கு.
மேலே பூங்கா, ஊஞ்சல், கம்பிவலை.
வழி திறக்காத காலத்தில்
அந்த வலையில் முகம் பதித்து
கீழே போகும் ஆட்களைப் பார்த்தபடி நின்றார்கள்.
அப்படி நின்ற சிறுவர்களில் ஒருவன் எர்டின்ச்.
இப்போது அந்தப் பக்கத்துப் பொறியாளன்.

மாதம் ஒருமுறை நடுப்பட்டையில் கூட்டம்,
ஒரே மேசை, இரண்டு வரைபடம்.
சண்டை செடியைப் பற்றி.
கல்லிடுக்கில் வேர்விட்டு மதிலைப் பிளக்கிறது;
மருந்து வைத்துக் கொல்லலாம் என்கிறாள் அவள்.
எர்டின்ச் பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வைக்கிறான்.
முள்ளோடு தண்டு, வினிகர், பூண்டு.
அவள் மொழியில் கப்பாரி, அவன் மொழியில் கப்பார்.
ஒரு துண்டு எடுத்து மென்றாள்.
உப்பு கூட என்றாள்.
அன்றைக்கு மருந்தைப் பற்றி முடிவெடுக்கவில்லை.

பழந்தமிழில்
மதிலைக் காப்பவன் நொச்சி சூடுவான்,
வளைத்தவன் உழிஞை சூடுவான்.
பூவைப் பார்த்தால் போதும், யார் உள்ளே, யார் வெளியே என்று தெரிந்துவிடும்.
இங்கே மதிலே ஒரு பூவைச் சூடியிருக்கிறது,
வெள்ளை இதழ், ஊதா மகரந்தத்தாள்,
மாலையில் விரிந்து மறுநாள் வாடும் கப்பாரி.
அது எந்தப் படையின் பூ என்று
சொல்லத் தெரியாமல் நிற்கிறேன்.

ஜனவரியில் ரோக்காஸில் புது விரிசல்
உச்சியிலிருந்து அடிவரை.
கலிஸ்தேனி குடையைத் தோளில் இடுக்கி
அளவுகோலைச் செருகிப் பார்த்தாள்.
கைப்பேசியில் தட்டினாள்:
கீழே நான்கு மில்லிமீட்டர். மேலே?

அரைமணி நேரம் பதில் இல்லை.
அண்ணாந்து பார்த்தாள்.
கம்பிவலைக்குப் பின்னால் மண்டியிட்டிருந்த யாரோ,
முகம் தெரியவில்லை,
மழைச்சட்டை மட்டும் மஞ்சள்.

பிறகு வந்தது:
ஆறு. செடியை நான் தொடவில்லை.